மச்சான் வாங்கிய பெரிய காடி

மச்சானின் காடியில், ஸ்டீரிங்குக்குப் பின்னால், மீட்டர்க் கண்ணாடியின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு முனீஸ்வரர் ஒட்டுப்படம் இருந்தது. அதைப் பக்தியால் மட்டும் ஒட்டியதாகச் சொல்ல முடியாது. இஞ்சின் சூடானால் எரிகிற சிவப்பு விளக்கு அந்தப் படத்துக்கு அடியில்தான் இருந்தது. ஏதோ வயர்க் கோளாறால் அந்த விளக்கு சும்மா சும்மா எரியும். பக்கத்து இருக்கையில் வரும் என் அக்கா வழிநெடுக அதையே பார்த்துப் பயந்துகொண்டு வருவாள். வயரைச் சரிசெய்ய வேண்டிய மனிதர், கோயில் வாசலில் வாங்கிய படத்தை ஒட்டி விளக்கையே மறைத்துவிட்டார். நான் சத்தம் போட்டதற்கு, "முனியாண்டி பாத்துக்குவாரு லா மச்சான்" என்றார். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். முனியாண்டி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவாரா என்று கேட்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஈப்போவில் கார் உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் இருபது வருஷமாக வேலை செய்கிறேன். பழைய வண்டிகள் மனிதர்களை எப்படித் தின்னும் என்று தினமும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவன். அக்காவின் கணவரான மச்சானுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்தக் காடியை வாங்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்ட வேலையை விட்டு பீடோர் ஊருக்கு வந்த பிறகு அவர் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தார். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கான மையத்தில் இடம் கிடைத்தது ஈப்போவில்தான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதற்குத்தான் காடி.

ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு மீன் வியாபாரி பல வருஷம் ஓட்டிய நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் மாதிரியான வண்டி அது. பார்க்க மலைபோல் நின்றது. விலை, ஒரு புது மோட்டார் சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவ்வளவு பெரிய வண்டியை அந்த விலைக்கு ஒருவன் ஏன் தள்ளிவிடுகிறான் என்று யோசிக்க வேண்டாமா? நான் கீழே படுத்துப் பார்த்தேன். மீன் பெட்டிகளிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீர் அடிச்சட்டத்தை அரித்திருந்தது. விரலால் சுரண்டினால் துரு பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. ஏர்கோன் போட்டால் முதல் ஐந்து நிமிஷம் மீன் பாசார் வாடை வரும். "மீன் வாடைதானே, கெட்ட வாடையா?" என்று கேட்டார் மச்சான். அந்த மனிதரிடம் என்னதான் பேசுவது!

மலிவாக வாங்கிய காடி அதன்பிறகு எதையும் மலிவாக விடவில்லை. பெட்ரோலைக் குடித்தது. இஞ்சின் பெரிது என்பதால் சாலை வரியும் பெரிது. டயர் நான்கும் ஒரே மாதத்தில் போயின. பிரேக் பாகம் ஈப்போவில் கிடைக்காமல், வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்கள் கிடக்கும் இடத்தில் தேடி எடுத்தேன். பீடோரில் அவருக்குத் தெரிந்த போமன் ஒருவர், நல்ல மெக்கானிக்தான், ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் காட்டுவார். கடைசியாக அவர் காட்டியது தண்ணீர்ப் பம்ப். இஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் அந்தப் பாகம் கசிய ஆரம்பித்திருந்தது. "மாத்திடுங்க மச்சான், வேற எத விட்டாலும் இத விடாதீங்க" என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். "அடுத்த மாசம் பாக்கலாம் லா" என்பார். பம்புக்குப் பதில் பின் இருக்கையில் நான்கு பெரிய தண்ணீர்ப் போத்தல்கள் வந்து உட்கார்ந்தன. நெடுஞ்சாலையில் நின்றால் உதவிக்கு ஆள் இல்லை என்று பழைய சாலையிலேயே போவார். வழியில் சாலையோர முனீஸ்வரர் கோயில் வந்தால் ஹோன் அடித்துக் கும்பிடுவார்.

அது ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இடைவெளிக்குப் பிறகு வரும் நாள் என்பதால் அக்காவின் உடம்பில் ஏற்கெனவே நீர் ஏறியிருக்கும். கம்பார் தாண்டி, கோப்பேங் வருவதற்கு முன்னால் பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. விளக்கு எவ்வளவு நேரமாக எரிந்துகொண்டிருந்ததோ, முனீஸ்வரருக்குத்தான் தெரியும். பகல் பதினொரு மணி வெயில். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. மச்சான் போத்தல் போத்தலாக ஊற்றினார், கிளப்பினார், நூறு அடி போனார், மறுபடி நின்றார். அக்கா காடிக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாதவள், தாகம் தாங்காமல் ரேடியேட்டருக்கு வைத்திருந்த போத்தல் ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டாள். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்ததால் பார்க்கவில்லை.

எனக்குப் போன் வந்தபோது அவர்கள் நின்று ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது. கடையிலிருந்து அந்த இடத்துக்கு அரை மணிகூட ஆகாது. முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். மையத்துக்குக் கொண்டுபோனபோது அவளுடைய முறையில் வேறொருவர் படுத்திருந்தார். தாதி அக்காவின் மூச்சைப் பார்த்ததும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். ஒன்பது நாள் இருந்தாள். பிழைத்து வந்தாள், ஆனால் பழைய அக்காவாக வரவில்லை. அதன்பிறகு இருந்தது ஏழு மாதம்.

அந்த ஏழு மாதமும் விடுமுறை போட்டு, நேரம் மாற்றி, என் சின்னக் காரில்தான் அழைத்துப் போனேன். ஒருநாளும் நிற்காத கார். அதில் அவளுக்கு முட்டி இடிக்கும். ஒருநாள் திரும்பி வரும்போது, "தம்பி, கோவிச்சுக்காத. அவரு காடியில சீட்ட சாச்சுட்டு கால நீட்டிப் படுத்துக்குவேன். ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வாரப்போ எனக்குத் தூக்கம் வந்ததே அந்த ஒரு எடத்துலதான்" என்றாள். அதற்காகத்தான் அவர் அந்தப் பெரிய காடியை வாங்கியிருக்கிறார். இதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

அக்கா போய் மூன்று வருஷமாகிறது. காடி அதற்கு முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது. மச்சான் இப்போது பேருந்தில் வருகிறார், நாங்கள் சேர்ந்து டீ குடிக்கிறோம், காடியைப் பற்றிப் பேசுவதில்லை. என் கோபம் மட்டும் போகவே இல்லை. அது யார் மேல் என்பதுதான் மாறிவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் அன்று நான் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன். "நின்ன ஒடனே ஏன் எனக்குக் கூப்பிடல?" அவர் கைகளிலெல்லாம் கரி. தலையைத் தூக்காமல் சொன்னார்: "கூப்பிட்டா நீ ஏசுவ, மச்சான். அதான் நானே எடுத்துடலாம்னு பாத்தேன்."

போமன் அந்தப் பம்ப் கசிகிறது என்று சொன்ன வாரமே அதற்கு ஏற்ற ஒன்றை நான் தேடிப் பிடித்து வாங்கியிருந்தேன். அந்தத் திங்கட்கிழமை வரை கடையில் என் மேசைக்குப் பின்னால் பெட்டி பிரிக்காமல் ஐந்து மாதம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடோருக்குப் போயிருந்தால் அரை நாள் வேலை. போகவில்லை. அவரே கடைக்கு வந்து, நீ சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.