ஒரு கால் தரையில்

அஞ்சலை அக்கா போய்விட்டார் என்ற செய்தி, ஆலையில் மதியச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்தபோது வந்தது. அவருடைய மகள்தான் பேசினாள்.

"அண்ணே, அம்மா பூடுச்சிண்ணே. காலையில எழுப்பினா எழுந்திரிக்கல. இருட்டறதுக்குள்ள எடுத்துடுவாங்க. ரயில்ல வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க."

அழுது ஓய்ந்த குரல். டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். யாராலுமே முதலில் நம்ப முடியவில்லை. முந்தின நாள் சாயந்திரம்கூடப் பஸ்ஸை நிறுத்தி வைத்தவர் ஆயிற்றே.

ஆத்தூரில் வேலை பார்த்துவிட்டுச் சாயந்திர ரயிலில் திரும்பி, ஸ்டேஷன் வாசலில் கச்சிராயபாளையம் பஸ் பிடிக்கிற உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜவுளிக்கடையில் புடவை மடித்து அடுக்குகிற வேலை அவருக்கு. நாள் முழுக்க நின்று நின்று கணுக்கால் இரண்டும் வீங்கியே இருக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் எங்கள் எல்லோரையும் வீடு சேர்த்தார்.

எங்கள் ஸ்டேஷனில் ரயிலும் பஸ்ஸும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். ரயில் உள்ளே வரும்போதுதான் பஸ் கிளம்பும். மனு கொடுத்துப் பார்த்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்டக்டரிடம் கெஞ்சிப் பார்த்தோம். கெஞ்சினால் மிஞ்சுவார்கள் என்பது பொய்யில்லை. அக்கா மட்டும் கெஞ்சவுமில்லை, சண்டைக்குப் போகவுமில்லை. ரயில் நிற்பதற்கு முன்பே பெட்டியின் வாசலில் வந்து நிற்பார். நின்றதும் முதல் ஆளாக இறங்கி, வீங்கிய காலோடு தாங்கித் தாங்கி ஓடி, பஸ்ஸின் முன்படியில் ஒரு காலை வைத்துவிடுவார். இன்னொரு கால் தரையிலேயே இருக்கும். அப்படி ஒரு பொம்பளை நிற்கும்போது எந்தக் கண்டக்டர் விசில் ஊதுவான்? பின்படி வழியாக நாங்கள் ஆடி அசைந்து ஏறுவோம்.

ஒருமுறை புதிதாக வந்த கண்டக்டர் கத்தினார். "யம்மா, ஒண்ணு ஏறு, இல்ல எறங்கு. இன்னா இது?"

"ஏறிக்கினுதான் இருக்கேன் தம்பி. காலு வீங்கிக்கினு இருக்குது, பாரு. மெதுவாத்தானே ஏற முடியும்?"

கடைசி ஆள் ஏறும்வரை அவர் ஏறிக்கொண்டே இருந்தார். பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

இது உங்களுக்கு எப்படித் தோன்றியது அக்கா என்று கேட்டேன். "ஏறிட்டா நம்ம பேச்ச கேக்க மாட்டான். கீழ நின்னா நம்மள பாக்க மாட்டான். நடுவுல நின்னாத்தான் வண்டி நம்மளுது" என்றார்.

ஒரு மழை நாளில் எல்லோரும் ஏறிய பிறகும் அக்கா காலை எடுக்கவில்லை. முகம் தெரியாத மலைக்காரர் ஒருவர், தலையில் மூட்டையோடு பிளாட்பாரத்தின் கோடியில் வந்துகொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. யாரென்றே தெரியாதவருக்காக நனைய வேண்டுமா என்றேன். "நாம வூட்டுக்குத்தானே போறோம்? அவுரு கச்சிராயபாளையம் போயி வெள்ளிமலைக்கு வண்டி மாத்தணும். அது போயிட்டா எங்க படுப்பாரு, நீ படுக்கப் பாய் போடுவியா?" என்றார்.

அக்கா போன அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆத்தூரிலிருந்து நேராகப் பஸ்ஸிலேயே போயிருக்கலாம். ஆனால் அக்காவை ரயில்காரர்கள் எல்லோரும் சேர்ந்து போய்த்தான் பார்க்க வேண்டும் என்று விஜயா சொன்னாள். அவள் அக்காவோடு அதே கடையில் வேலை செய்கிறவள். எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. பெரிய ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு வழக்கமான ரயிலில் ஏறினோம். வழியெல்லாம் அக்காவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். ஸ்டேஷனில் இறங்கியும் பேச்சு நிற்கவில்லை. மாலை நசுங்காமல் தூக்கிப் பிடித்தபடி, எப்போதும்போல நடந்தோம்.

வாசலுக்கு வந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. கத்தினோம். நிற்கவில்லை.

"ஐயோ, நாம ஏன் நடந்து வந்தோம்?" என்றாள் விஜயா.

எங்களில் ஒருவருக்கும் ஓடத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக ஓடுகிற வேலையை அக்காவிடம் விட்டுவிட்டு நடந்தே பழகியவர்கள் நாங்கள். யாரைத் திட்டுவது? அந்தக் கண்டக்டரையா? அவர் தன் நேரத்துக்குப் போனார். ஆட்டோ ஒன்றுகூட இல்லை. போன் செய்தால் மகள் எடுக்கவில்லை. மேற்கே கல்வராயன் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கையில் மாலையோடு, பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அவ்வளவு கையாலாகாதவர்களாக நான் எங்களை ஒருபோதும் பார்த்ததில்லை.

அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது வாசல் கழுவிவிட்டிருந்தார்கள்.

"வருவாங்க வருவாங்கன்னு நிறுத்தித்தாண்ணே வெச்சிருந்தேன்" என்றாள் மகள். "வெளிச்சம் போவுதுன்னு பெரியவங்க தூக்கிட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

அவள் எங்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாலையை எங்கே போடுவது என்று தெரியவில்லை. சட்டம் போட்ட படம்கூட இல்லாத வீடு அது. மகள் வாங்கி, கதவோரம் அக்கா டிபன் பை மாட்டுகிற ஆணியில் பையோடு சேர்த்து மாட்டினாள்.

அக்கா, உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கால் மட்டும்தான். இப்போது ரயில் நின்றதும் நான் ஓடுகிறேன். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கிறேன். முதல் நாள் விஜயா கடைசியாக ஏறினாள். அதன் பிறகும் நான் காலை எடுக்கவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"அதான் எல்லாரும் ஏறிட்டாங்களே சார், இன்னும் யாரு வரணும்?"

பிளாட்பாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறிக்கொண்டேன்.