ஆமை மேல் ஏறிய கங்கை

கல்யாணமாகி வந்த மறுமாதமே அவள் கையில் தூரிகையைக் கொடுத்து, "நீ காலைப் பாரு" என்றாள் நாத்தனார். சிலைப் பட்டறை நாத்தனாருடையது, சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து பத்து வருஷம்! எந்தச் சாமி வந்தாலும் இவளுக்கு முழங்காலுக்குக் கீழேதான் வேலை. விரல், நகம், கொலுசு. கொலுசுக்காரி என்றே பெயராகிவிட்டது.

நாத்தனாருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதால்தான் முகம் இவள் கைக்கு வந்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட முகம்! ஒரு கோயில் வாசலின் இரு பக்கமும் நிற்கப்போகிற நதி அம்மன்கள். முதலை மேல் நிற்பவள் கங்கை, வெள்ளை நிறம். ஆமை மேல் நிற்பவள் யமுனை, கறுப்பு. மற்றபடி இரண்டும் ஒரே அச்சு.

"சரியா வந்துச்சுன்னா இனிமே முகமெல்லாம் உனக்கு. சொதப்பினியோ, மறுபடி காலுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள் நாத்தனார்.

பாதங்களைப் புடவை மூடியிருந்தது. வாகனங்களுக்குக் கொலுசுக்காரியின் கணவன் முன்பே வண்ணமடித்து, மேலே எதுவும் சொட்டாமலிருக்கக் கோணி சுற்றி வைத்திருந்தான். கொலுசுக்காரி சோறு தண்ணி மறந்து நாலு நாள் உழைத்தாள். கங்கையின் கன்னத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். பாக்கி கண்கள்தான். அவற்றைக் கடைசியில் நாத்தனார்தான் எழுதுவாள், அது பட்டறை வழக்கம்.

வண்டி வரவேண்டிய அன்று காலை கோணியை அவிழ்த்தார்கள். வெள்ளை அம்மன் ஆமை மேல் நின்றாள்.

"கங்கை எப்போடி ஆமை மேல ஏறினா?" என்றாள் நாத்தனார்.

"முதலைக்கு இன்னிக்கு லீவு போல" என்றான் கணவன். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்த பார்வையில், வண்டியை விசாரிக்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டான்.

கொலுசுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். பத்து வருஷம் காலையே கட்டிக்கொண்டு அழுதவள், முகம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குனிந்து பார்த்தாளா? பாவி மகள், பார்க்கவில்லையே!

"அண்ணி, நிறத்தை மாத்திடறேன். வெள்ளையைக் கறுப்பாக்கி, கறுப்பை வெள்ளையாக்கிட்டா வாகனம் தானா சரியாயிடும்."

"நாலு மணிக்கு வண்டிடி!"

"ஒன்பதுதானே ஆகுது."

கறுப்பை வெள்ளையாக்க மூன்று பூச்சு வேண்டும், அதனால் அதை முதலில் தொட்டாள். அது காய்வதற்குள் வெள்ளை அம்மன் பக்கம் வந்தாள். ஆசை ஆசையாய்த் தீட்டிய முகத்தில் கறுப்பை வைக்கக் கை வரவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டியது. முதல் தடவை யமுனைக்கு டப்பாவிலிருந்த கறுப்பை அப்படியே அப்பியிருந்தாள். இந்த முகத்துக்கு அது போதாது என்று தோன்றியது. பழுப்பு, நீலம், துளி சிவப்பு என்று குழைத்து, தன் முன்கையை வண்ணத்தட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்று "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று இதே நாத்தனார் சொன்னது நினைவு வந்தது. இன்னும் ஒரு துளி சிவப்பு சேர்த்தாள். அச்சு அசலாகக் கையின் நிறம் வந்தது.

மூன்று மணிக்குத் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த நாத்தனார், கங்கையைப் பார்த்துத் தலையாட்டினாள். யமுனை முன்னால் வந்தவள் நகரவே இல்லை.

"எதைப் பார்த்துடி இந்த நிறம் குழைச்சே?"

"என் கையைப் பார்த்துதான், அண்ணி."

நாத்தனார் ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த கண் தூரிகையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"கண்ணையும் நீயே எழுது" என்றாள். பிறகு, "எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழ பார்த்துக்கோடி, புண்ணியவதி!"

கொலுசுக்காரி குனிந்தாள். ஆமைதான். நிமிர்ந்து, யமுனையின் இடது கண்ணில் தூரிகையை வைத்தாள்.