பின்வாசலுக்குப் போகும் பைகள்

நீதிமன்றத்துக்குள் பை கொண்டுபோகக் கூடாது. வழக்கில் மாட்டியவன் சட்டைப்பையில்கூட ஒன்றும் இருக்கக் கூடாது. அதனால் வாசலை ஒட்டி ஓர் அறை, இரும்பு அலமாரி, எண் போட்ட தகர டோக்கன்கள். பத்தொன்பது வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவளை வக்கீல் முதல் பெருக்குகிறவர் வரை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

விடுதலையானவர்கள் முன்வாசல் வழியாக வந்து பையை வாங்கிக்கொண்டு போவார்கள். தண்டனை பெற்றவர்களைப் பின்வாசலில் வண்டி ஏற்றிவிடுவார்கள். நாலரை மணிக்கு ஏட்டு வந்து அவர்களுடைய பைகளை எடுத்துப் போவார். காலையில் பதிந்த பை மட்டும்தான் வண்டியில் ஏறும். அதனால் தீர்ப்பு நாளில் வருகிற தாய்மார்களை அக்கா லேசில் விடமாட்டாள்.

"ரெண்டு செட் துணி, சோப்பு, மாத்திரை எல்லாம் வெச்சீங்களா? வெள்ளிக்கிழமை உள்ள போனா திங்கக்கிழமைதான் டாக்டர் வருவாரு."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள். அக்கா அசரவில்லை.

அக்காவின் மகன் லாரி ஓட்டுபவன். வண்டியில் அடிபட்டு ஒரு பெரியவர் இறந்துபோன வழக்கு. தீர்ப்பு ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு உண்டு. அன்று காலை அவனே துணியையும் இன்ஹேலரையும் பையில் வைத்து அவளிடம் கொடுத்தான்.

"நீ முன்னாடி போறல்ல, இதைப் பதிஞ்சு வெச்சிடும்மா. நான் வக்கீலைப் பாத்துட்டு வந்திடறேன்."

வாங்கிக்கொண்டாள். அவன் தெருமுனை தாண்டியதும் மனசு கேட்கவில்லை. பெற்ற பிள்ளையின் பையைத் தன் கையாலேயே அந்த அலமாரியில் வைப்பதா? வைத்தால் பின்வாசலுக்குத்தான் போகும் என்று பட்டுவிட்டது. ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவளுக்குத் தன் வீட்டில் புத்தி வேலை செய்யவில்லை, வேறென்ன சொல்ல! பையைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

அன்று முழுக்க முன்வாசலையே எட்டி எட்டிப் பார்த்தாள். மூன்றரை ஆனது, நான்கு ஆனது. வந்தவர்கள் யார் யாரோ. நாலேகாலுக்குக் கதவுக்குப் பின்னால் கிடக்கும் பை நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய் வர இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஏட்டு வந்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த தாளைப் பார்த்தே பேசினார்.

"மூணு வருஷம் போட்டுட்டாங்க அக்கா. மனசை விட்டுடாதீங்க."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பிக்கு இப்பவே இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. நான் பதறிட்டேன். 'பயப்படாதீங்க சார், மருந்து பையில இருக்கு, பை அம்மாகிட்ட இருக்கு'ன்னு எனக்கே தைரியம் சொல்றான்." ஏட்டு கையை உள்ளே நீட்டினார். "சீக்கிரம் குடுங்க அக்கா, வண்டி கிளம்பப் போகுது."