வெயில் புகுந்த எலும்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். கோயமுத்தூருக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். பாறைக்கு வைத்த வெடியில் சிதறிய கல் ஒன்று என் கணவரின் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தவர் உடனே எழுந்துவிட்டார். ரத்தம்கூட வரவில்லை. “ஒண்ணுமில்ல புள்ள” என்று சிரித்து, மோர் வாங்கிக் குடித்தார்.

சற்று நேரத்தில் தலைவலி என்று படுத்தார். அப்புறம் எவ்வளவு உலுக்கியும் கண் திறக்கவில்லை. கொழுந்தனாரும் நானும் வண்டி கட்டி, உக்கடம் குளக்கரை வழியே மாடுகளை விரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் இமைகளைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்திருந்தது. உடனே மண்டையில் துளை போட வேண்டும் என்றார். கொழுந்தனார் ஒப்பவில்லை. தோல்கூடக் கிழியாத தலையை எதற்காகத் துளைக்க வேண்டும், அப்புறம் உயிர் தங்குமா என்று கேட்டார். எனக்கும் அதே பயம்தான்.

டாக்டர் வாதாடவில்லை. உள்ளே ஆயத்தம் நடக்கும்போதே அலமாரியிலிருந்து ஒரு மண்டை ஓட்டை எடுத்து வந்தார். கொழுந்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

மண்டை என்பது ஒரே எலும்பு என்றுதான் நினைத்திருந்தேன். பல எலும்புகள் பல்லோடு பல் கோத்து, நெளிநெளியாகத் தையல் போட்டதுபோல் சேர்ந்திருந்தன. உச்சிப் பக்கம் நல்ல தடிமன். பொட்டுப் பக்கத்தை டாக்டர் ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். எலும்பின் வழியே வெயில் மஞ்சளாகத் தெரிந்தது. உள்பக்கம் இலை நரம்புபோல் ஒரு பள்ளக்கோடு கிளைவிட்டு ஓடியது.

“இதுலதானுங்க அம்மணி ரத்தக்குழாய் ஓடுது. எலும்பு கீறி அது அறுந்துபோச்சுங்க. உள்ளாற ரத்தம் கட்டி மூளையை அமுக்குது. ஓடு விரிஞ்சு குடுக்காது. நாமதான் வழி உடோணும்.”

பிழைப்பாரா என்று கேட்டேன். செய்தால் பிழைக்கலாம், செய்யாவிட்டால் வழியே இல்லை என்றார். கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார்.

“செஞ்சுபோடுங்க” என்றேன் நான்.

கறுத்த ரத்தக்கட்டி வெளியே வந்ததாம். விரிந்த பாப்பாவும் மெல்லச் சுருங்கியதாம். மறுநாள் கண் விழித்தவர், கிணற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

கட்டுப் பிரித்த நாளில்தான் அதைப் பார்த்தேன். துளை போட்ட இடத்தில் தோல் மெல்ல எழும்பித் தாழ்ந்தது. கைக்குழந்தையின் உச்சிக்குழியில் தெரியுமே, அதே துடிப்பு. கையை நீட்டிய நான், தொடத் துணியாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அதன்பின் அவர் நெடுநாள் வாழ்ந்தார். அவருடைய பேச்சும் பிடிவாதமும் என்னைக் கூப்பிடும் குரலும் அந்தச் சின்னத் துடிப்பில்தான் இருந்தன என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்; இன்றும் யார் தலையில் கை வைத்தாலும் என் விரல்கள் தாமாகவே மெதுவாகிவிடுகின்றன.