வெள்ளைக் காளையின் முதுகு

நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் லென்சுக்குக் கீழே இரண்டு கைகள் ஓர் அட்டையைப் பிடித்திருந்தன. அட்டையின் நடுவே சுண்டைக்காய் அளவு ஓட்டை. அதன் வழியே இறங்கிய வெளிச்சம் பேப்பரில் ஒரே இடத்தில் தங்கிவிடாதபடி கைகள் அட்டையை மெல்ல வட்டமிட்டுக்கொண்டிருந்தன. என்லார்ஜர் அணைந்ததும் பேப்பரை எடுத்து டெவலப்பர் கரைசலுக்குள் நழுவவிட்டன. ட்ரேயின் மூலையைத் தூக்கித் தூக்கி இறக்கின.

கயிற்றைப் பிடித்திருந்த மனிதர் முதலில் வந்தார். பிறகு வாய்க்கால் கரை. கடைசியில், குனிந்து தண்ணீர் குடிக்கும் வெள்ளைக் காளை. அதன் முதுகு மட்டும் சரியாக வெளுக்காத வேட்டிபோல ஒரே சாம்பலாகக் கிடந்தது.

"இன்னைக்கும் இல்ல" என்றாள் ரீட்டா, தனக்குத்தானே.

தேனி பஜாரில் கொழுந்தனார் நடத்தும் ஸ்டுடியோவின் பின்னறைதான் அவளுடைய டார்க்ரூம். மணமாகி வந்த புதிதில் படங்களைக் கழுவிக் காயப்போடும் வேலைக்காக உள்ளே நுழைந்தவள். வேண்டாமென்று எறிந்த படங்களைப் பார்த்துப் பார்த்து, ஏன் வேண்டாமென்றார்கள் என்று யோசித்தே பிரிண்ட் போடக் கற்றுக்கொண்டாள். இப்போது முன்பக்கம் பாஸ்போர்ட் படம் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. பின்பக்கத்துக்குச் சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கூரியரில் நெகட்டிவ்கள் வருகின்றன.

இந்த நெகட்டிவ் மட்டும் பஸ்ஸில் வந்தது. வருசநாட்டுக் கர்ணன் தன் அம்மா சங்கிலியம்மாளோடு வந்து கொடுத்தான். செத்துப்போன அப்பாவும் அவர் வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளையும். ஊருக்கு வந்த யாரோ பாலத்தின் மேல் நின்று எடுத்தது. காளையைப் புதைத்த இடத்தில் இப்போது கல் நடப் போகிறார்கள். அதில் காளையைச் செதுக்க வேண்டும்.

"சுழியோட கொத்தணும். சுழி இல்லாட்டி அது யார் மாடோ" என்றாள் சங்கிலியம்மாள்.

சிக்கலே அந்தச் சுழியில்தான். காளையின் முதுகில் முடி பூரான்போல வரிசையாகச் சுழித்திருந்தது. அந்தப் பூரான் திமிலை நோக்கி ஏறினால் வளர்க்கிற குடும்பமும் ஏறும், வாலை நோக்கி இறங்கினால் குடும்பமும் இறங்கும் என்பது மாட்டுக்காரர் பேச்சு. அது இறங்குபூரான், மாடு பார்க்கத் தெரியாத அண்ணன் அதை வாங்கியதால்தான் நிலம் போயிற்று என்று கர்ணனின் சித்தப்பா ஊர் நடுவே சொல்லியிருந்தார். அவர்கள் கொண்டுவந்த பழைய பிரிண்டில் முதுகு வெறும் வெள்ளை. எந்தச் சுழியும் இல்லை.

"அக்கா, ஏறுபூரானா இருந்தா எடுப்பாக் காட்டுங்க" என்றான் கர்ணன். "எறங்குபூரானா இருந்தா பழையபடி வெள்ளையாவே விட்ருங்க."

"ஏலே, படத்துக்கே சுழி பாக்குறியா?" என்றாள் அம்மா.

"எது ஏறுது எது எறங்குதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. அங்கன இருக்குற முடியக் கொண்டு வாரேன், அவ்வளவுதான்" என்றாள் ரீட்டா.

நெகட்டிவில் முடி இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தாள். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும்; அந்தக் கறுத்த முதுகில் மெல்லிய கோடுகள். பேப்பரில்தான் வர மறுத்தன.

பேப்பர் புதிது. முன்பு மென்மைக்கு ஒரு டப்பா, அழுத்தத்துக்கு வேறொரு டப்பா வாங்குவாள். இந்தப் பேப்பரில் மஞ்சள் பில்டர் போட்டால் படம் மென்மையாகும். ஊதாச்சிவப்பான மெஜந்தா போட்டால் கறுப்பும் வெள்ளையும் பிரிந்து நிற்கும். மனிதரின் முகத்துக்காக முழுப் படத்தையும் மஞ்சளில் போட்டாள். காளையின் முதுகை மட்டும் அட்டையின் ஓட்டை வழியே மெஜந்தாவில் கூட்டினாள். கணக்குப்படி முடி பிரிந்து நின்றிருக்க வேண்டும்.

பில்டரைத் துடைத்தாள். டெவலப்பரைப் புதிதாகக் கலக்கினாள். பிறகு, இருட்டில் வேலை பார்க்கச் சுவரில் எரிந்த மஞ்சள் விளக்கைச் சந்தேகப்பட்டாள். பழைய பேப்பருக்கு ஒருநாளும் கெடுதல் செய்யாத விளக்கு. வெறும் பேப்பர்மேல் நாணயம் வைத்து அந்த விளக்கின் கீழே கிடத்தி, பிறகு டெவலப் செய்தாள். விளக்கு பேப்பரைக் கெடுத்தால் நாணயம் மூடிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும். சுத்த வெள்ளை, நாணயத்தின் தடமே இல்லை. விளக்கு தப்பித்துவிட்டது.

மறுநாள் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கை நின்றது. வெறும் குடத்தில் ஒரு டம்ளர் ஊற்றினால் வெளியே ஒன்றும் தெரியாது. கழுத்துவரை நிறைந்த குடத்தில் அதே டம்ளரை ஊற்றினால் வழியும். ஏற்கெனவே வெளிச்சம் பட்ட பேப்பரும் அப்படித்தானோ?

புதுப் பேப்பர் ஒன்றுக்கு முதலில் என்லார்ஜர் வெளிச்சம் கொஞ்சம் காட்டி, அதன்பின் நாணயத்தை வைத்து மஞ்சள் விளக்கின் கீழே கிடத்தினாள். டெவலப்பரில் வெளிர்சாம்பல் பரவியது. நடுவில் வட்டமாக, அதைவிட வெளுப்பாக, நாணயம் இருந்த இடம்.

"நீதானா" என்று விளக்கைப் பார்த்துச் சொன்னாள். பழைய பேப்பர் நீல வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்தது. பில்டருக்குத் தக்கபடி மாற வேண்டிய புதுப் பேப்பர் பச்சையையும் பார்க்கிறது. மஞ்சள் விளக்குக்குள் பச்சை ஒளிந்திருக்கிறது.

சிவப்பு விளக்கு வாங்க ஷெரின் நடத்தும் எலக்ட்ரிக் கடைக்குப் போனவள், பைக்குள்ளிருந்து ஒரு சிடியை எடுத்தாள்.

"அக்கா, பல்பு வாங்க வந்தீகளா, பாட்டுப் போட வந்தீகளா?"

"பாட்டு நீ பாடு. மொதல்ல அந்தப் பல்பப் போடு."

சிடியின் பளபளப்பில் வெளிச்சம் நிறம் நிறமாகப் பிரிந்தது. சிவப்புச் சாயம் பூசிய பல்பில் பச்சைக் கீற்று தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது. பைக்கின் பின்விளக்குக்குப் போடும் எல்இடியில் சிவப்பைத் தவிர ஒன்றுமில்லை. அதை வாங்கிவந்து மாட்டினாள். மறுபடி நாணயம் வைத்தாள். தடம் விழவில்லை.

அதன் பிறகு போட்ட பிரிண்டில் முதுகு வெள்ளையாகவே வந்தது. வெள்ளைக்குள் முடியும் வந்தது. வரிசையாகச் சுழித்த கோடு திமிலருகே தலைதூக்கி இருக்குமென்று நினைத்திருந்தாள். பூரானின் தலை காளையின் வால் பக்கம் இருப்பதுபோலத்தான் பட்டது. மெஜந்தா வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் எல்லாம் மறைந்துவிடும். பிரிண்டை அப்படியே, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவுக்கு மாற்றினாள்.

அம்மாவும் மகனும் வந்தபோது படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கர்ணன் அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

சங்கிலியம்மாளின் விரல் படத்தில் படாமல் முதுகின்மேல் நகர்ந்தது. "எறங்குபூரான்தான்" என்றாள்.

"ஆத்தா, அப்ப சித்தப்பா சொன்னது?"

"சுழி அவுக சொன்னதுதான். மாடு பாக்கத் தெரியாதுன்னதுதான் பொய். ஒங்கப்பா தெரிஞ்சேதான் வாங்குனாக. சுழியப் பாத்து சந்தையில ஒருத்தனும் வெல கேக்கல. அடிமாட்டு வண்டியில ஏத்தப் போனாக. 'முடி எந்தப் பக்கம் போனா என்ன'ன்னு ஒங்கப்பாதான் கயித்தப் புடிச்சாக. நெலம் போனது போர்க்கெணறு போட்ட கடன்ல."

"கல்லுல எப்படிக் கொத்தச் சொல்ல?"

"எறங்குற மாதிரியே கொத்தச் சொல்லு. ஒஞ் சித்தப்பனையும் கூப்பிட்டு நிறுத்திக் காட்டு."

ரீட்டா படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து நூலால் கட்டினாள். கர்ணன் கையை நீட்டினான். அதற்குள் சங்கிலியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வர, அவளிடமே கொடுத்தாள்.