செயலாளர் வண்டிக்கு மூன்றாவது வட்டம்

அந்தக் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள், முப்பத்தொன்பது வண்டிகள், ஒரே ஒரு செயலாளர். மனிதர் குடிநீர் அலுவலகத்தில் கசிவுப் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருடமாகக் குப்பை கொட்டுபவர். குழாய் உடைந்து தெருவே குளமானாலும், "பதிவு பண்ணியாச்சு, வரிசைப்படி வருவாங்க" என்று பதறாமல் சொல்லிப் பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரானதும் ஒரு சொட்டுக் கசிவைக்கூடப் பொறுக்காதவராக மாறிப்போனார். அலுவலகத்தில் செலவாகாமல் மிச்சப்பட்ட அவசரமெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது போலிருக்கிறது.

வந்த முதல் மாதமே ஒரு விதி எழுதினார். கூரைக்குக் கீழே நிற்கும் எந்த வண்டியும் எண்ணெய் சொட்டக் கூடாது. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதனை. சொட்டு இருந்தால் அதைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டம், பக்கத்தில் தேதி. மூன்று வட்டம் விழுந்த வண்டி ஒரு வருடத்துக்கு வெளியே, வெயிலில். முதல் பலி மூன்றாம் மாடிப் பல் டாக்டரின் கார்.

அடுத்து வரிசையில் நின்றது செயலாளரின் சொந்த வண்டி. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. வீட்டில் இருப்பது அவரும் மனைவியும் மட்டும். மீதி ஐந்து இருக்கைகள் கௌரவத்துக்கு. அதன் கீழே அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகளில் இரண்டு வட்டங்கள், இரண்டும் அவர் கையாலேயே. இன்னும் ஒன்று விழுந்தால் வண்டி வெயிலில். விழாமல் போனால், "தன் வண்டின்னதும் கண்ணு தெரியல பாரு" என்று நாற்பத்தேழு வீடும் சொல்லும். சொட்டு உண்மையிலேயே நின்றால்தான் பிழைப்பு.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, மனைவியையும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் டீ குடித்து, பேப்பர் படித்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துடைத்தார். மறுபடி விட்டு உருவினார்.

"சார், யாரு சார் இதுல ஆயில் ஊத்துனது?"

"நான்தான். சனிக்கிழமை சாயங்காலம் பார்ப்பேன், குறைஞ்சிருக்கும். மேல் கோடு வரைக்கும் ஊத்துவேன்."

"எப்பப் பார்ப்பீங்க? ஆஃப் பண்ணி எவ்வளவு நேரம் கழிச்சு?"

"உடனே. எந்த வேலையையும் நான் தள்ளிப்போடறதில்ல."

மெக்கானிக் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உடனே பார்த்தா ஆயில் எல்லாம் மேலயே நிக்கும் சார். கீழ இறங்கப் பத்து நிமிஷமாவது ஆகும். அதுக்குள்ள பார்த்தா குறைச்சுத்தான் காட்டும். சரி, அப்படியே ஊத்தியிருந்தாலும் இவ்வளவு ஏறாதே?"

முன்னிருக்கையில் மனைவி தொண்டையைச் செருமினாள்.

"நானும் கொஞ்சம்..."

"நீயா?"

"போன ஞாயித்துக்கிழமை ரெண்டாவது வட்டம் விழுந்ததுல இருந்துதாங்க. காலையில தரையில சொட்டு கிடக்கும். பாவம், வடிஞ்சு போச்சேன்னு ஒரு டம்ளர் ஊத்துவேன். உங்ககிட்ட சொன்னா பதறுவீங்க."

"கம்பிய எடுத்துப் பார்த்தியா?"

"கம்பின்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றார் மெக்கானிக். "ஒழுகுதேன்னு ரெண்டு பேரும் ஊத்துறீங்க. ஊத்துறதாலதான் இன்னும் ஒழுகுது. அளவுக்கு மேல போனா அது எங்க போகும்? மூடி இடுக்குல இருக்கற ரப்பர் பேக்கிங்கப் பிச்சுக்கிட்டு வெளிய வருது."

ஆக, ஒரு குடும்பமே சேர்ந்து எஞ்சினைப் பாசத்தால் திணறடித்திருந்தது. மெக்கானிக் ஒன்றரை லிட்டரை வடித்தார். மேல் மூடியின் பேக்கிங்கை மாற்றினார். "கீழ காப்புத் தகட்டுல பழைய ஆயில் தேங்கியிருக்கு. கழட்டித் துடைச்சுத் தரவா? மதியம் வரைக்கும் ஆகும். இல்லன்னா நாலு நாளைக்கு அதுவா சொட்டி நின்னுடும்."

"நேரமில்ல. ஆபீஸ்ல கசிவுப் புகார் காத்துக்கிட்டு இருக்கு" என்றார் செயலாளர். இருபத்தாறு வருடத்தில் கசிவுக்காக அவர் அவசரப்பட்டது அன்றுதான். அதற்கும் பலன் கிடைத்தது.

ஞாயிறு காலை ஒன்பது ஐம்பதுக்கு வண்டிக்கு அடியில் குனிந்தார். ஒரே ஒரு சொட்டு. பளபளவென்று, புத்தம் புதுசாக.

மனைவி பழைய துணியோடு நின்றாள். "தள்ளுங்க, துடைச்சிடறேன். பழைய ஆயில்னு அவரே சொன்னாரே."

"தெரியும்."

"வண்டி ஒழுகல."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் என்ன? பார்க்கறதுக்கு இங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேனே" என்றார் எரிச்சலாக. புகார்ப் பிரிவில் அவர் சொல்லி ஒரு கசிவும் நின்றதில்லை. அவர் சொன்னதும் நடந்தது என்று உலகத்தில் ஒன்று இருக்குமானால் அது இந்தச் சாக்பீஸ்தான். மண்டி போட்டு வட்டம் போட்டார். தேதி எழுதினார்.

பத்து மணிக்கு வந்தவர்களில் பல் டாக்டரும் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பழசுன்னா விட்டுடுங்க சார். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார், பல் பிடுங்கும்போது பேசும் அதே இதமான குரலில்.

"விதியில பழசு புதுசுன்னு இல்லையே டாக்டர்."

ஆனால் மேல்முறையீடு உண்டு. செயலாளர் மாடியேறினார், வண்டிக்காரராக உட்கார்ந்தார், மெக்கானிக்கின் சீட்டை இணைத்து இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினார். அதைத் தன் வீட்டுக் கதவிலிருந்த சங்கப் பெட்டியில் போட்டார். சாப்பிட்டு முடித்துப் பெட்டியைத் திறந்து, செயலாளராகப் படித்தார். வாதம் உருக்கமாக இருந்தது. இரண்டு இடங்களில் தலையாட்டினார். நிராகரித்தார்.

நிராகரிப்பை வாங்கிப் படித்த வண்டிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. "ஈவு இரக்கம் இல்லாம இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?"

"இதைத்தான் பதினெட்டு வருஷமா நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள் மனைவி. "பேசி முடிச்சீங்களா? ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டீதான் போடுவேன்."

சாயங்காலம் வண்டியை வெளியே எடுத்தார். பால்கனிகளில் ஆள் நின்றது, ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. பல் டாக்டர் மட்டும் இறங்கி வந்து, ஏற்கெனவே வெயிலில் நின்றிருந்த தன் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி இடம் விட்டார்.

"வாங்க சார், வாங்க... இடது பக்கம் ஒடிங்க... போதும். மூணு மணிக்கு மேல இந்தப் பக்கம் நிழல் வரும். அதுவரைக்கும் ஸ்டியரிங்ல வெறுங்கையை வைக்காதீங்க, தோல் உரிஞ்சிடும். நாளைக்கு ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க."