நிழலைச் சுருட்டிக்கொண்டு நடந்தவள்

என் வேலை என்னவென்று என் மகளுக்குப் பத்து வயது வரைக்கும் தெரியாது. ஏசி வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய் இல்லை, வண்டியில் ஏசி இருந்தது. பால் பாக்கெட் கொண்டு போகிறேன் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

திருப்பதிக்குச் சாமி பார்க்க வருகிறவர்களில் சிலர் ஊர் திரும்புவதற்குள் இறந்துபோவதுண்டு. அங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து இறப்பவர்களும் உண்டு. அவர்களைக் குளிர்பெட்டி வைத்த வண்டியில் ஏற்றி, அவரவர் ஊரில் கொண்டு சேர்ப்பதுதான் என் வேலை. எங்கள் வீடு நகரியில். காலையில் ரயிலேறிப் போவேன், வண்டி அங்கேயே நிற்கும். அதனால் தெருவில் யாருக்கும் தெரியாது. மனைவிக்கு மட்டும் தெரியும்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் இறந்தபோது, என் மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீயும் செத்துப்போவாயா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் வளரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றாள் மனைவி. அது ஒரு காரணம். இன்னொன்று, என்னுடைய பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது நான்தான். அந்தக் கையாலா என்னைத் தொட்டாய் என்று கேட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே தூறல். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாயில் உட்கார்ந்திருந்தோம். அவள் போனை எடுத்து வந்து சொம்பில் சாய்த்து வைத்தாள். ஜப்பான்காரர்கள் வரைந்த ஒரு தொடராம், வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். சாவைப் பற்றிய கதை என்பதால் தனியாகப் பார்க்க இவளுக்குப் பயம். பக்கத்தில் இரு என்றாள்.

பொம்மைப்படம்தானே, அதில் என்ன பயம் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த பொம்மைப்படத்தில் பூனை எலியைத் துரத்தும், மேலிருந்து விழும், தட்டையாகும், உடனே எழுந்து ஓடும். சாவே இல்லாத படம் அது.

பேசுவது ஜப்பான் மொழி. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். எட்டாவதோடு நின்ற நான் ஒரு வார்த்தையைக் கூட்டிப் படிப்பதற்குள் அது போய்விடும். அதனால் அவள் படித்துப் படித்துச் சொன்னாள், பாதி தமிழில், பாதி தெலுங்கில். நிழலுக்கு நீட என்பாள், பள்ளிக்கூடத்து வார்த்தை. நடுநடுவே அர்த்தமாச்சா என்று டீச்சர் மாதிரி கேட்பாள்.

கதை நடப்பது இந்த உலகத்தில் இல்லை. அந்த நாட்டில் ஒருவர் இறந்தால் உடம்பைப் புதைத்துவிடுவார்கள், ஆனால் நிழல் மட்டும் இறந்த இடத்திலேயே கிடக்கும். உப்பு விற்க வந்த ஒருவர் வெளியூரில் ஒரு கிணற்றடியில் இறந்துவிடுகிறார். கிணற்றின் கல்மேல் அவர் நிழல் குந்தியபடியே இருக்கிறது. தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் அதை மிதிக்காமல் சுற்றிப் போகிறார்கள். ஒரு பெண் குடத்தைச் சாய்க்கும்போது இரண்டு சொட்டு அதன்மேல் விழுந்துவிடுகிறது. அவள் முந்தானையால் துடைக்கிறாள்.

அப்போதே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து, தூரத்தில் ஒருத்தி நடந்து வருகிறாள். சின்னப் பெண், வெட்டிவிட்ட தலைமுடி, மூக்கின் மேல் வேர்வை. யாரும் அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை. குழந்தைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். இவள் யார், எமனுடைய மகளா, எருமை எங்கே, கயிறு எங்கே என்று கேட்டேன்.

"எமன் இல்ல நைனா. சும்மா பாரு. இவ உயிர எடுக்க வரல. நீடய அவங்க ஊருக்குத் தூக்கிக்கினு போறவ."

அந்தப் பெண் கல் அருகில் மண்டியிட்டு, நிழலின் கால் பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவது போல் சுருட்டினாள். முதுகில் கட்டிக்கொண்டு நடந்தாள். அதற்கப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? உச்சி வெயிலில் அந்த நிழல் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, அவள் அதை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். சாயங்காலம் ஆக ஆக அது வளர்கிறது. கட்டு போதாமல் அவிழ்ந்து, அவளுக்குப் பின்னால் ரோடு நீளத்துக்குக் கிடந்து இழுபடுகிறது. எதிரே வந்த வண்டிக்காரன் மாட்டை நிறுத்தி, அது முழுவதும் கடந்து போகும்வரை காத்து நிற்கிறான். மழை மேகம் வந்ததும் நிழலுக்குக் கனம் இல்லாமல் போகிறது. எங்கே தொலைத்துவிட்டோமோ என்று அவள் பயந்து முதுகைத் தடவிப் பார்க்கிறாள்.

புல் அசைவதையும் தூசி எழுவதையும்கூட ஒவ்வொன்றாக உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். இதற்கு எத்தனை பேர், எத்தனை நாள்? சாவைக் காட்ட ஒரு சொட்டு ரத்தம்கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

உப்புக்காரர் வீட்டில் அவர் மனைவி திருகையில் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறாள். கை மட்டும்தான் தெரிகிறது. சுற்றுகிறது, சுற்றுகிறது. பிறகு நிற்கிறது. நின்றது நின்றபடியே இருந்தது. சத்தமும் இல்லை. போன்தான் நின்றுவிட்டது என்று நினைத்து விரலால் தட்டிவிட்டேன். படம் எங்கேயோ முன்னால் ஓடிவிட்டது. மகளுக்குக் கோபம்.

"அது ஹேங் ஆவல நைனா. அவங்க அப்படித்தான் வரைஞ்சிக்கிறாங்க. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிப்போச்சி, அதான் கை நின்னுச்சி."

மறுபடி பின்னால் தள்ளி வைத்தாள். அப்போதுதான் முன்பு கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன். நிழலைச் சுமந்தவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஊருக்கு ஒரு திருப்பம் முன்னால் நின்றுவிட்டாள். பாறைமேல் உட்கார்ந்து முகம் துடைத்தாள், தலை வாரினாள், நிழலின் தூசியைத் தட்டினாள். அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்து அவளைப் பார்க்க முடியும். பார்க்கட்டும் என்று இருந்தாள்.

நானும் அப்படித்தான் செய்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் கடைசித் திருப்பத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டுவேன். கூட வந்த சொந்தக்காரர்கள் இறங்கி முகம் கழுவுவார்கள், அழுகிறவர்கள் கொஞ்சம் அழுவார்கள், வீட்டுக்குப் போன் போட்டு வந்துவிட்டோம் என்பார்கள். நேராகப் போய் வாசலில் நிறுத்தினால், அங்கே இருக்கிறவர்களுக்கு அது தாங்காது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வருஷம் ஒரு வீட்டு வாசலில் நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, அந்த அம்மா விழுந்ததைப் பார்த்தபிறகு நானாகப் பழகிக்கொண்டது. இது கடல் தாண்டி, எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாத ஒரு நாட்டில், பென்சில் பிடித்து உட்கார்ந்த ஒருவருக்கு எப்படித் தெரிந்தது?

அந்த ஆச்சரியத்தில் வாயை விட்டுவிட்டேன்.

"கரெக்டா காட்டிக்கிறான் பாரு. ஒரு திருப்பம் முன்னாடியே நிறுத்தணும். நேரா போய் நிக்கக் கூடாது."

மகள் படத்தை நிறுத்தினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் சத்தமும் நின்றது. பால் வண்டி என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். என் வண்டியில் பால் இல்லை, நானும் அந்தப் படத்துப் பெண்ணைப் போல ஆட்களை ஊருக்குக் கொண்டு சேர்க்கிறவன்தான் என்றேன்.

மகள் என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பின்னலிலிருந்து ஒட்டிய தேங்காயெண்ணெய் விரலில் இன்னும் பளபளத்தது. அவள் சற்று நகர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தூறல் விட்டுவிட்டிருந்தது.

"அவங்களோட பேசுவியா?" என்றாள்.

"பேசுவேன்."

"இன்னா பேசுவ?"

புத்தூர் தாண்டிட்டோம், இன்னும் கொஞ்ச தூரம்தான், இப்படித்தான் சொல்வேன் என்றேன். கூட யாரும் வராதபோது சத்தமாகவே சொல்வேன். நாம் கூட்டிக்கொண்டு போகிறவரிடம் எங்கே இருக்கிறோம் என்று சொல்வது மரியாதை அல்லவா?

அவள் போனைக் காட்டி, இவள் பேசவே மாட்டேன் என்கிறாளே என்றாள். அது அவளுடைய பழக்கம், இது என்னுடையது என்றேன். மகளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

குழந்தைகளையும் கொண்டுபோயிருக்கிறாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் மெதுவாக ஏதோ பேசினார்கள். அன்று மீதிப் படத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குவது போலிருந்தாளோ, தெரியாது.

அன்றைக்குச் சித்தூர் தாண்டிக் குப்பம் பக்கம் போகவேண்டி வந்தது. ஒரு பாட்டியம்மா, கூட வந்தது தம்பி மகன் ஒருவர் மட்டும். சேர்த்துவிட்டுத் திரும்பி, குளித்து, மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தேன். மகள் பள்ளிக்கூடத்து அட்லாஸைத் தரையில் விரித்து வைத்துக் காத்திருந்தாள். கையில் பென்சில்.

"எந்த ஊரு?"

சொல்லலாமா என்று மனைவியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேரு வாணாம் நைனா. ஊரு மட்டும் சொல்லு."

சாந்திபுரம் என்றேன். அட்லாஸில் அது இல்லை. பாதி ஊர்கள் அதில் இல்லை. நீயே காட்டு என்றாள். குந்தி உட்கார்ந்து, குப்பத்துக்குக் கொஞ்சம் மேலே, சுமாராக இங்கே என்று விரலை வைத்தேன். அந்த இடத்தில் ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன. என் விரல் மூன்றையும் மறைத்தது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள்.

"கைய எடு. எழுதணும்."